திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை

கடலூர்க்கு அணித்தே கெடில நதிக்கரையில் உள்ள திருவந்திபுரத்துக்கு ஒரு முகூர்த்த நாளிற் செல்வோர், தேவநாதசுவாமி சந்நிதியிலும் மலையடிவாரத்து மண்டபங்களிலும் ஒரே காலைப்பொழுதில் பற்பல திருமணங்கள் நடைபெறக் காண்பர். மணமக்கள் எத்தனை பேரோ, மேளமும் ஏறக்குறைய அத்தனையே. ஒருபால் ஆனந்தபைரவி தொடங்கும் முன்னரே மறுபால் கெட்டிமேளம் முழங்கும். நேர்முகமாக வாசிக்க ஆளின்றி, இசைத்தட்டிற் பதிந்த நாகஸ்வரத்தை ஒலிபெருக்கிவழி முழக்கும் வீட்டாரும் உளர். இவ்வாறு ஒலிக்கும் பழைய பதிவுகளுள் ஒன்று, சங்கீதம் கல்லாதாரையும் ஒரு கணம் நிற்கச்செய்வது, திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்கள் வாசித்த தோடி. அவர் 1956-ஆம் ஆண்டில் மறைந்தார். அவரை நேரிற் கேட்டவர்கள் மிகச் சிலரே இன்று எஞ்சியிருப்பர். ஆயினும் அத்தோடி மறையவில்லை. அஃது ஏன் என்பதை ஆராயுமுன், அவர் வாழ்ந்த வாழ்வை ஒருவாறு தெரிந்துகொள்ளுதல் நலம்.

திருவாவடுதுறை என்னும் பெயர் தமிழ் கற்கும் மாணவர்க்குப் புதியதன்று. திருமூலர் திருமந்திரம் அருளிய தலம் அதுவென்பது மரபு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் ஆதீன வித்துவானாக வீற்றிருந்து பாடஞ்சொன்னதும், உ. வே. சாமிநாதையர் அவரடியில் இருந்து கற்றதும் அவ்விடத்தேதான். கிறிஸ்தவராகிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரும் கெழுதகை நண்பர்களாக விளங்கியதையும் நாம் மறத்தற்கில்லை. சமயம் வேறாயினும் தமிழும் இசையும் அவ்விருவரையும் பிணித்தன. புலவரைப் போற்றிய அம்மடம் இசைவாணரையும் போற்றியது. பூசைக் காலந்தோறும் மேளம் வாசித்தற்கு ஆதீன வித்துவான் என ஒருவர் இருப்பார். அத்தகைய வித்துவான்களுள் திருமருகல் நடேச பிள்ளை பெரும் புகழ் வாய்ந்தவர்.

அந்நடேச பிள்ளையின் மருகராக, குப்புசாமி பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாக, 1898 ஆகஸ்ட் 27-ஆம் நாள் நம் சரித்திர நாயகர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இராஜரத்தினம் என்பது பின்னர் வந்து நிலைத்த பெயர். தாய்மாமனே அவரை மகவாக ஏற்று வளர்த்தமையால், பெயருக்கு முன்னே நிற்கும் எழுத்துக்களுள் ஊரோடு நடேசரின் பெயரும் சேர்ந்து நின்றது. மாமனும் நீண்டநாள் வாழ்ந்திலர். சிறுவர் ஆதீனத்தின் ஆதரவில் வளர்ந்தார்.

அவருடைய கல்வியில் ஒரு புதுமை உண்டு. மேளக்காரர் பிள்ளைகள் வழக்கமாகக் குழலோடு தொடங்குவர். இவரோ முதலில் வாய்ப்பாட்டைக் கற்றார். கற்பித்தவர் அண்டை ஊரினராகிய திருக்கோடிகாவல் கிருஷ்ணையர். அவர் பிடில் வாத்தியத்திற் பேர்பெற்றவர். செம்மங்குடி சீனிவாசையருக்குத் தாய்மாமன். 1913-ஆம் ஆண்டிற் காலஞ்சென்றார். ஆகவே பதினைந்து வயது நிரம்புமுன்னரே இராஜரத்தினம் பிள்ளைக்கு அவரிடமிருந்து பெறவேண்டியவை கிட்டிவிட்டன எனல் வேண்டும். நாகஸ்வரப் பயிற்சி அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நடைபெற்றது. வாய்ப்பாட்டும் பிடிலும் காதில் முதலில் விழுந்த ஒருவர் பிறகு குழலைக் கையிலெடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு அவருடைய வாசிப்பே சான்று. பாடகன் மூச்சுவிடும் இடத்தில் அவர் மூச்சுவிட்டார். பிடிலின் வில் தொய்ந்து இழுக்கும் இடத்தில் அவர் ஸ்வரத்தைத் தொய்வித்தார்.

இனி அக்கருவியைப் பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்லல் இயலாது. நாகஸ்வரம் என்றும் நாதஸ்வரம் என்றும் இருவகையாகவும் எழுதுகின்றனர். வித்துவான்களின் பழைய வழக்கு முன்னதாதலின் நாமும் அதனையே கொண்டோம். ஆச்சாமரத்தைக் கடைந்து செய்யும் உலவு, அதன் அடியில் விரிந்த அணசு, மேலே கெண்டை, கெண்டையிற் செருகும் சீவாளி என்பன அதன் உறுப்புக்கள். நாணலைப் பதப்படுத்திச் செய்த சீவாளி நாவினும் மெல்லியது. நாகஸ்வரக்காரரின் செல்வமெல்லாம் அதிலேதான் இருக்கிறது. ஆகவே பல சீவாளிகளை நூலிற் கோத்துக் குழலிலேயே தொங்கவிட்டிருப்பர். விரல் வைக்கும் துளைகள் ஏழு. கீழே உள்ள ஐந்து துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் நாதத்தைச் சரிசெய்துகொள்வர். ஆர்மோனியம் வாசிப்போர்க்கு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வொரு கட்டை உண்டு. நாகஸ்வரக்காரர்க்கு அவ்வசதி இல்லை. ஏழு துளையிலிருந்து அத்தனை ஸ்வரங்களையும், அவற்றின் இடையே ஊசலாடும் கமகங்களையும், மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் விரலைப் பாதி மூடுவதாலும் தாமே உண்டாக்கவேண்டும். தேவாலயத்தில் ஆர்மோனியத்தின் பெல்லோஸை அழுத்திப் பழகிய நம்போன்றோர் இவ்வேறுபாட்டை நன்கு உணரக்கூடும். அங்கே காற்றைத் தருவது கை. ஸ்வரம் முன்னரே அளந்து வைக்கப்பட்டது. இங்கே காற்றும் அளவும் வாசிப்பவருடையனவே.

பண்டு பெரும்பாலும் வாசிக்கப்பட்டது திமிரி என்னும் குட்டைக் குழல். சுருதி உயர்ந்தது, ஒலி கூர்மையானது, வீதியிலும் கோபுர வாயிலிலும் நெடுந்தூரம் கேட்பதற்கு ஏற்றது. ஆயின் அதில் சுத்த மத்திமம் சுத்தமாக நிற்பதில்லை என்பது ஒரு பெருங்குறை. தோடியிலும் சங்கராபரணத்திலும் சுத்த மத்திமமே வருவதாதலின், அக்குறை சிறிதன்று. உதட்டால் இழுத்துப் பிடித்தே அதனைச் சரிக்கட்டி வந்தனர். திருவாவடுதுறைக்கு அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் ஆசாரிமார் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களுள் ரங்கநாதன் ஆசாரி என்பவர் இராஜரத்தினம் பிள்ளையோடு கூடிப் பன்முறை கடைந்தும் துளையிட்டும் மாற்றியும், நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகஸ்வரத்தில் சுத்த மத்திமம் ஐயமின்றிப் பேசும்படி செய்தார். கடலூரிலிருந்து சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணம் செல்லும் புகைவண்டியில் ஏறுவோர், அச்சிற்றூரின் நிலையத்தை வழியிற் காணலாம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வித்துவான் பெயர் ஊரெங்கும் வழங்க, ஆசாரியின் பெயர் அறிந்தோர் சிலரே. உளி பிடித்த கையும் விரல் வைத்த கையும் ஒருங்கு சேர்ந்தே அவ்வொலி பிறந்தது.

சுருதி தாழ்ந்ததனால் விளைந்த பயன் பெரிது. கூர்மை குறைந்து, நாதம் உருண்டு திரண்டது, குரலுக்கு அணித்தாயிற்று. வீதியின் வாத்தியம் சபையில் அமர்ந்து கேட்கும் வாத்தியமாயிற்று. ஒலிவாங்கி வந்த காலமும் அதுவே. உரத்து ஊதவேண்டும் என்ற கட்டாயம் நீங்கவே, மெல்லென ஊதுதற்கும் இடம் உண்டாயிற்று. இன்று மேளக் கச்சேரிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் பாரியே.

அவர் வாசிப்பின் உயிர்நிலை இராக ஆலாபனை. கீர்த்தனங்களை வாசிப்பதில் வல்லுநர் வேறு பலர் அக்காலத்தே இருந்தனர். திருவீழிமிழலைச் சகோதரர் அத்துறையிற் பெயர்பெற்றவர். இராஜரத்தினம் பிள்ளையோ ஓர் இராகத்தை எடுத்தால் அதனை விட்டுப் பிரிய மனமின்றி மணிக்கணக்காக அதனுள்ளே உலவுவார். கோயில் உற்சவங்களில் சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்து, பின் ஒவ்வொரு வீதியிலும் இராகத்தை வளர்த்துக்கொண்டே செல்லுதல் மேளக்காரரின் தொன்றுதொட்ட முறை. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் தேர் ஓடும் வீதிகளில் நின்றால், ஓர் இராகம் விரிவதற்கு எத்துணை இடமும் பொழுதும் அம்முறை தந்தது என்பது விளங்கும். வித்துவான் அவசரப்பட வேண்டுவதில்லை, தேர் அவசரப்படாது. அந்த நீண்ட இரவுகளே அவரை வளர்த்த கல்லூரி.

தோடி எட்டாவது மேளகர்த்தா. அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழும் மேலும் அசைந்துகொண்டே இருக்கும். அசைவின் அளவு சிறிது மிகினும் குறையினும் இராகம் தன் முகத்தை இழக்கும். கட்டையமைந்த வாத்தியங்களில் அதனை எழுப்புதல் அரிது. இராஜரத்தினம் பிள்ளை அந்த அசைவையே பற்றுக்கோடாகக் கொண்டார். மந்தரத்தில் நெடுநேரம் தங்கி, கேட்போர் இனி மேலே செல்வார் என எதிர்பார்க்கும்போது செல்லாது, எதிர்பாராத நொடியில் பிருகாக்களை வாரியிறைத்து மேல் ஷட்ஜத்தில் நிற்பார். நாம் சங்கீத சாஸ்திரம் முறையாகக் கற்றவரல்லேம். பதிவைப் பலமுறை கேட்டதனால் அறிந்தது இவ்வளவே. அவ்விரைவான பிருகாக்களை வாய்ப்பாட்டிற்குள் கொணர்ந்தவர் ஜி. என். பாலசுப்பிரமணியம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆங்கில ஆனர்ஸ் கற்ற அவர், தம் பாணி இராஜரத்தினம் பிள்ளையின் குழலுக்குக் கடன்பட்டது என்பதை மறைத்ததில்லை. வாய்ப்பாட்டிலிருந்து குழலுக்கு வந்தது, குழலிலிருந்து மீண்டும் வாய்ப்பாட்டுக்கே சென்றது. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உடனிருந்த கச்சேரிகளைப் பெரியோர் இன்றளவும் எடுத்துப் பேசுவர்.

இனி அவருடைய வாழ்வில் மிக முக்கியமானதாக நாம் கருதும் ஒன்றைக் கூறுவோம். அக்காலத்தில் மேளக்காரருக்கு இருந்த நிலை யாது? பாடகரும் பிடில்காரரும் மேடையில் அமர்ந்து வாசிக்க, நாகஸ்வரக்காரர் நின்றே வாசிக்கவேண்டும். செல்வர் முன்னிலையில் மேலாடையைக் களைந்து இடுப்பிற் கட்டிக்கொள்ளல் வேண்டும். திருமண ஊர்வலத்தில் மாப்பிள்ளை காரில் அமர்ந்திருக்க, இவர் அதன் முன்னே நடந்துகொண்டே ஊதவேண்டும். இசையை வணங்கிய நாடு இசைத்தவரை வணங்கவில்லை. கோயிலில் இறைவனுக்கு மிக அண்மையில் நின்ற கலைஞர், கோயிலுக்கு வெளியே வாயிற்படியருகே நிறுத்தப்பட்டார். இந்த முரண்பாட்டை நாள்தோறும் கண்டும் காணாதது போலிருந்தவர் பலர்.

இராஜரத்தினம் பிள்ளை அதற்கு உடன்படவில்லை. குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார். சட்டையும் நீண்ட கோட்டும் காலிற் பூட்சும் அணிந்தார். மேடையில் அமர்ந்து வாசிப்பேன், இன்றேல் வாசியேன் என்பது அவர் கொண்ட விரதம். சன்மானமும் தாமே வரையறுத்தார். அஃது அக்காலத்துப் பெரிய பாடகர் பெற்றதற்குக் குறைந்ததன்று. தம்மைச் சக்கரவர்த்தி என அழைத்துக்கொள்ளவும் அவர் நாணவில்லை. இதனைச் செருக்கு என்று பழித்தோர் உண்டு. செருக்கும் இருந்தது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் பணிந்து கேட்டிருந்தால் ஓர் இருக்கையேனும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அவர் உட்கார்ந்த மேடையில் அவருக்குப் பின்வந்தோர் யாவரும் கேளாமலே உட்கார்ந்தனர். நிமிர்ந்து நின்றதன் பயனை அவர் தமக்காகப் பெற்றார். அதனால் விளைந்த நன்மை தம் குலத்தொழிலினர் அனைவர்க்கும் சென்றது. உட்கார்ந்ததனால் இசையும் மாறியது என்பது நம் கருத்து. நின்று நடந்து ஊதுபவரின் மூச்சு வேறு. அமர்ந்து ஊதுபவரின் மூச்சு வேறு.

குற்றமற்ற மனிதராக அவரைச் சித்திரித்தல் உண்மைக்கு மாறாகும். கச்சேரிக்கு ஒப்புக்கொண்டு வாராதிருந்ததும், காலந்தாழ்த்து வந்ததும், மதுவில் ஈடுபட்டதும், ஈட்டிய பெரும்பொருளைக் கணக்கின்றி இறைத்ததும் அவரைப் பற்றி எழுதினோர் யாவரும் கூறுவன. மணங்களும் பல செய்துகொண்டார். அவருக்காகப் பந்தலில் இரவெல்லாம் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பிய ஏழை இரசிகரை எண்ணும்போது நமக்கு வருத்தமே உண்டாகிறது. அத்தகையோரே மறுமுறையும் அவர் வாசிப்பதாகக் கேள்வியுற்றால் பல மைல் நடந்து வந்தனர் என்பதும் உண்மை.

திரைப்படமும் அவரை அழைத்தது. 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த காளமேகம் என்னும் படத்தில் அவர் கவி காளமேகமாக நடித்தார். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், எழுதியவர் பாரதிதாசன். ஆசுகவியும் வசைகவியுமாகிய காளமேகத்துக்கு, நினைத்தபோது நினைத்ததை வாசிக்கும் இவரைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே என்று தோன்றுகிறது. ஆயின் படம் வெற்றியடையவில்லை. அவரும் அத்துறையில் நிலைக்கவில்லை. இதனால் தமிழிசைக்கு நட்டமொன்றும் இல்லை.

அவரை உலகம் நினைவிற் கொள்வதற்குக் காரணம் இசைத்தட்டே. அக்காலத்து இசைத்தட்டு அரக்கினாற் செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்வது. பத்து அங்குல அகலம் உடையது. அதன் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாகவே பதியலாம். இரு பக்கமும் சேர்ந்தால் ஆறேழு நிமிடம். ஓர் இராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பவரை ஆறு நிமிடத்துக்குள் அடக்குதல் யானையைப் பானைக்குள் அடைப்பதற்கு ஒப்பாகும். முதற்பக்கம் முடிந்ததும் நிறுத்தி, தட்டைத் திருப்பி, மறுபக்கத்தை வைக்கவேண்டும். இராகம் நடுவழியில் காத்துக்கொண்டிருக்கும். அங்ஙனம் இருந்தும் அவருடைய தோடித் தட்டு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தமிழர் குடியேறிய பிற நாடுகளிலும் வீடுதோறும் சென்றது. கிராமபோன் பெட்டி வாங்க இயலாதவர் காப்பிக் கிளப்பின் முன்னே நின்று கேட்டனர். கோயிற்குள் செல்ல 1939-ஆம் ஆண்டு வரை பல ஊர்களில் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்கள், திருச்சுற்றுக்கு உள்ளே ஒலித்த இசையை முதன்முதலாகத் தடையின்றிக் கேட்டது இத்தட்டின் வழியாகவே இருக்கக்கூடும். தட்டுக்கு வருணம் தெரியாது. பின்னர் 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தோன்றின. அவற்றில் அவர் வாசித்தவை வேறு.

இவ்விடத்தே கடல்கடந்த ஓர் ஒப்புமையைக் கூற விழைகின்றோம். அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாம்மண்ட் என்பவர் 1935-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் ஆர்கன் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். பெருங்குழல்களையுடைய ஆர்கனை வாங்கப் பொருளில்லாத சிறு தேவாலயங்களே அதனை மிகுதியும் வாங்கின. ஆப்பிரிக்க அமெரிக்கரின் தேவாலயங்களில் அது பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் துணையாக நின்று உள்ளத்தை உருக்கியது. அங்கிருந்து அதனை ஜாஸ் சங்கீதத்துக்குள் முழுத் தகுதியோடு கொணர்ந்தவர் ஜிம்மி ஸ்மித். பென்சில்வேனியாவிலுள்ள நாரிஸ்டவுனிற் பிறந்த அவர், வலக்கையால் இராகமும் இடக்கையாலும் காலாலும் அடிநாதமும் வாசித்து, கிதார்க்காரர் ஒருவரும் முழவுக்காரர் ஒருவரும் உடனிருக்கத் தம் கச்சேரியை நடத்தினார். நியூயார்க்கில் புளூ நோட் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ஆல்பிரட் லயன் அவரைக் கேட்டு மயங்கி, 1956 பிப்ரவரியில் அவருடைய முதல் தட்டைப் பதிவுசெய்தார். பதிவுசெய்த ரூடி வான் கெல்டர் அந்நாளில் கண் மருத்துவத் தொழிலும் பார்த்துக்கொண்டு, தம் பெற்றோரின் வீட்டுக் கூடத்தையே ஒலிப்பதிவு அறையாக வைத்திருந்தார். தேவாலயத்தின் உருக்கமும் வீதியின் துள்ளலும் கலந்த அச்சங்கீதத்துக்கு ஸோல் ஜாஸ் என்று பெயர் வழங்கலாயிற்று. அதே 1956-ஆம் ஆண்டின் இறுதியில் இராஜரத்தினம் பிள்ளை கண்மூடினார். ஒருவர் முடித்த ஆண்டில் ஒருவர் தொடங்கினார், ஒருவரையொருவர் அறிந்திலர்.

இருவர்க்கும் உள்ள ஒற்றுமை ஆண்டோடு நில்லாது. தொழுகைக்கென்று அமைந்த வாத்தியத்தைத் தொழுமிடத்துக்கு அப்பாலும் எடுத்துச் சென்றும், அதன் மணம் நீங்காதபடி காத்தனர். கேட்பவர் படித்தவராயினும் படியாதவராயினும் முதல் அடியிலேயே பற்றிக்கொள்ளும் ஆற்றல் இருவரிடத்தும் உண்டு. ஆயின் ஒரு பெரிய வேற்றுமையும் உண்டு. நம் நெஞ்சை வருத்துவது அதுவே. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்துவிட்டது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்று எனச் சிலர் தவறாக எழுதுவர். முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்பதே சரி. அதன் ஒரு பக்கத்தில் இருபது நிமிடமும் அதற்கு மேலும் பதியலாம். ஆகவே 1958-இல் ஜிம்மி ஸ்மித் பிரசங்கம் என்று பொருள்படும் பெயரிட்டு வாசித்ததொன்று, ஏறக்குறைய இருபது நிமிடம், ஒரு பக்கம் முழுவதையும் தனக்கே கொண்டது. பிரசங்கியார் மெல்லத் தொடங்கிப் படிப்படியாகச் சபையை எழுப்புதல்போல, தன் போக்கில் வளர்வதற்கு அதற்கு இடம் இருந்தது. 1960-இல் அவர் பதிந்த மற்றொரு தட்டு ஸ்டான்லி டர்ரென்டைனின் சாக்ஸபோனோடு கூடி இன்றும் விலைபோகிறது. பிற்காலத்து இளைஞர் அவர் பதிவுகளிலிருந்து துண்டுகளை எடுத்துத் தம் பாட்டுக்களுக்கு அடியில் அமைத்தனர். 2005-இல் அவர் மறைந்தபோது, அவர் விரிவாக வாசித்தவை விரிவாகவே எஞ்சின.

நம்மவர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. அந்நீண்ட தட்டு இந்நாட்டிற் பரவுவதற்கு முன்னரே அவர் காலம் முடிந்தது. கோயில் வீதியில் விடியுமளவும் ஒலித்த தோடிகள் கேட்டவரோடு போயின. நமக்குக் கிடைத்தவை தட்டுக்களின் சில நிமிடங்களும் வானொலியிலும் தனியார் சிலரிடத்தும் எஞ்சிய சில பதிவுகளுமே. அச்சில நிமிடங்கள் இத்துணைக் காலம் நிலைத்ததற்குக் காரணம் யாதென எண்ணிப் பார்க்கும்போது, நமக்கு ஒன்று தோன்றுகிறது. அவர் நேரத்துக்குத் தக்கவாறு இராகத்தைச் சுருக்கி வாசிக்கவில்லை. சுருக்கம் என்பது முழுவதையும் சிறிதாக்கித் தருவது. இவரோ பெரிய ஆலாபனையின் நடுவிலிருந்து ஒரு பகுதியை வெட்டியெடுத்தது போலவே வாசித்திருக்கிறார். அதனால் தட்டைக் கேட்பவர், முன்னும் பின்னும் இன்னும் ஏதோ இருக்கிறது என்ற உணர்ச்சியை அடைகின்றனர். ஊசி உராயும் இரைச்சலுக்கு அடியில் அவர் மூச்சு வாங்கும் ஓசையும் ஊகிக்கத்தக்கதாய் இருக்கிறது. கைப்பேசியில் விரலால் தொட்டவுடன் அதனைக் கேட்கும் வசதி இன்று நமக்கு உண்டு. அவரைக் கேட்கப் பல மைல் நடந்தவர்க்கு முழு இரவும் கிடைத்தது. நமக்கு ஆறு நிமிடம் கிடைக்கிறது.

அவருடைய பிற்கால வாழ்வு விரைவிற் சொல்லி முடிக்கத் தக்கது. 1947 ஆகஸ்ட் 14-ஆம் நாள் இரவு, நாடு விடுதலை பெறும் வேளையில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பாகத் தில்லிக்குச் சென்ற குழுவினரோடு அவரும் சென்று வாசித்தார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. செல்வர் முன்னே சட்டையின்றி நிற்க மறுத்த ஒருவர் அந்த இரவில் வாசித்தார் என்பதை எண்ண மகிழ்ச்சியே உண்டாகிறது. பின்னர் உடல்நலம் குன்றியது. ஈட்டியது நிலைக்கவில்லை. 1956 டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையில், 58-ஆம் வயதில், மாரடைப்பால் மறைந்தார்.

அவருடைய மாணவருள் தலையாயவர் காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த அவர், ஆசிரியரோடு உடனமர்ந்து வாசித்துப் பழகியவர். 1962-இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் குழல் ஒலித்தது. அப்பாட்டால் நாகஸ்வரம் அறியாதாரும் அவரை அறிந்தனர். ஆசிரியரின் கடுமையான வேகத்தைவிட மாணவரின் இனிமையே தமக்கு உகந்தது என்பாரும் உளர். நம் வகுப்பிலேயே இது குறித்து இரு கட்சிகள் உண்டு. அருணாசலமும் நெடுநாள் வாழ்ந்திலர். 1964-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் காலத்தில் நீண்ட பதிவுகள் இயல்வனவாயின. அவற்றுள் அவர் தோடியை எடுக்குமிடத்தில், மந்தரத்தில் தங்கி மேலே செல்லாது நம்மைக் காக்கவைக்கும் அப்பழைய முறை வரும்போது, ஆசிரியரின் தட்டில் ஊசி எழும்பிய இடத்துக்கு அப்பால் அவ்விராகம் எவ்வழிச் சென்றிருக்கும் என்பதை ஓரளவு கேட்க முடிகிறது.